பனி மூடாத வாசல்

அத்தியாயம் 9

"மெல்சோர், இந்தத் தெருவைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?"

"ஊருக்குத் திரும்பிப் போயிடலாம்னு தோணுது, டோன்யா."

"அது நேத்துலேர்ந்து தோணுது. புதுசா என்ன தோணுதுன்னு கேட்டேன்."

"புதுசா, நடந்தே போயிடலாம்னு தோணுது."

அவன் மரியாதைக்கு 'டோன்யா' என்று கூப்பிடுகிற கஸில்டா சிரிக்கவில்லை. காணாமல் போன ஆட்களைத் தேடிக் கொடுப்பதில் கிரனாடா நகரத்தில் அவளை விட்டால் ஆளில்லை என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, ஆண்கள் போடுகிற கம்பளிக் கோட்டு, வாயில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட். மெல்சோர் அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவான், பெட்டி தூக்குவான், அடி விழும் இடங்களில் முன்னால் நிற்பான். பயம் வந்துவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது. கேலி பேசிப் பேசியே உயிரைக் கையில் பிடித்துக்கொள்கிற ஜாதி. நேற்று பெனஹத்தார் என்ற இந்த மலைக் கிராமத்துக்குள் கால் வைத்ததிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மலையின் நிழல் பக்கத்தில், பள்ளத்தில் விழுந்துவிடாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற வீடுகள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. சாம்பல் நிறக் களிமண் பூசிய தட்டைக் கூரைகள் அந்தக் கனத்தைத் தாங்காது, கரைந்து ஒழுகும். அதனால் விடிந்ததும் ஊரே கூரையேறி, நீளப் பிடி போட்ட மரப் பலகைகளால் பனியைத் தள்ளியது. இப்போது பனி மறுபடியும் கொட்டி, வழித்த கூரைகளில் கணுக்கால் அளவு ஏறியிருந்தது. கூரைகளில் நின்றவர்கள் பலகையைப் பிடித்தபடி அசையாமல் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க ஏன் டோன்யா வேலையை நிறுத்திட்டாங்க?"

"நீ பேசுறது கேக்கலையாம். கொஞ்சம் சத்தமாப் பேசணுமாம்."

மெல்சோர் குரலைத் தாழ்த்தினான்.

அவர்கள் தேடி வந்தது எர்மினியா என்ற பெண்ணை. அவள் கணவர் டோன் அமாடோர் கடற்கரைப் பக்கம் பெரிய லாரிக் கம்பெனி வைத்திருப்பவர். பிறந்தது இதே பெனஹத்தாரில். "என் மனைவிக்குச் சித்தம் சரியில்லை. அவளை என் ஊர்க்காரன் எவனோ பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். மருந்து இல்லாமல் செத்துவிடுவாள். நான் போய்க் கேட்டால் எனக்கே வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று கஸில்டாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "என் அண்ணன் சிரியாகோவின் சத்திரத்தில் தங்குங்கள். அவன் பொய் பேசத் தெரியாதவன்."

சிரியாகோ பொய் பேசுகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் பேசவே இல்லை. நேற்று ரொட்டித்தூள் வறுவலையும் ரத்தத் தொத்திறைச்சியையும் தட்டில் வைத்துவிட்டு, இவர்கள் தின்று முடிக்கும் வரை சுவரில் சாய்ந்து நின்றான். மெல்சோருக்கு ஒரு வாய் கூட இறங்கவில்லை.

மற்றவர்கள் பேசினார்கள். அதுதான் கஸில்டாவுக்கு உதைத்தது. கடைக்காரி, பாதிரியார், கழுதைக்காரன், எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "போன ஞாயித்துக்கிழமை பஸ்ல ஏறிப் போயிட்டா, கறுப்புத் துண்டு போட்டிருந்தா."

"பஸ்ஸை நிஜமாப் பார்த்திருந்தா ஒருத்தி துண்டு கறுப்புன்னுவா, ஒருத்தன் நீலம்னுவான். இங்க ஊருக்கே ஒரே கண்ணு" என்றாள் கஸில்டா. இன்று மத்தியானமே கடையிலிருந்த ஊரின் ஒரே தொலைபேசியில், மலையடிவார ஊரில் காத்திருந்த அமாடோரைக் கூப்பிட்டு, "அவங்க இங்கதான் இருக்காங்க, கிளம்பி வாங்க" என்றும் சொல்லிவிட்டாள். எந்த வீடு என்பதை அவர் வந்து சேர்வதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம். அவளுக்கு அந்தத் தைரியம் எப்போதுமே கொஞ்சம் அதிகம்.

அதற்காகத்தான் இப்போது ஊரின் விளிம்பில், கடைசித் தெருவில் நிற்கிறார்கள். தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடு. வீடுகளின் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. சிரியாகோவின் சத்திரம் தெரு தொடங்குகிற இடத்தில் இருந்தது.

"சரி, விளையாட்டு போதும். ஆள் இல்லாத வீடு எதெல்லாம்னு நேத்து விசாரிச்சியே?"

"இந்தத் தெருவுல நாலு. ரெண்டு குடும்பம் பார்சலோனாவுக்குப் பிழைக்கப் போயிடுச்சு. ஒண்ணு ஜெர்மனிக்கு. நாலாவது அந்தக் கோடி வீடு, கிழவன் சத்தூரியோவோடது. அவரு இன்னும் தூரமாப் போயிட்டாரு. கல்லறைக்கு."

"நாலு கூரையிலயும் பனி எடுத்திருக்கு, பார்த்தியா?"

"பார்த்தேன். நல்ல மனசு. பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்திருக்காங்க."

"நல்ல மனசெல்லாம் இல்ல. அந்தக் கூரை விழுந்தா இவங்க சுவரையும் சேர்த்து இழுக்கும். எடுத்த பனியை எங்க போட்டிருக்காங்க?"

மெல்சோர் பார்த்தான். பார்சலோனாக்காரர்களின் இரண்டு வீட்டு வாசலிலும் கதவின் பாதி உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. ஜெர்மனி வீட்டில் கதவே தெரியவில்லை.

"வாசல்ல கொட்டியிருக்காங்க. யாரும் வெளிய வரப் போறதில்லையே, கொட்டினா என்ன?"

"ஆள் இருக்கிற வீட்டுல?"

அந்த வீடுகளின் வாசலெல்லாம் சுத்தமாக இருந்தன. பனியைக் கூரையின் கடைசி வரை சுமந்து போய்ப் பின்பக்கம் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். வேலை இரண்டு மடங்கு. ஆனாலும் உயிரோடு இருக்கிறவன் வாசலை எவனும் அடைக்க மாட்டான்.

மெல்சோரின் பார்வை தெருக்கோடிக்குப் போனது. செத்துப்போன சத்தூரியோவின் வீட்டு வாசலில், வானத்திலிருந்து விழுந்த பூம்பனியைத் தவிர, கூரையிலிருந்து தள்ளிய பனி ஒரு பிடி இல்லை.

முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது அவனுக்கு.

"ஊரே ஒரே பொய்யை மனப்பாடம் பண்ணிருக்கு. ஆனா அந்தப் பொய்யைக் கைக்கு யாரும் சொல்லித் தரல" என்றாள் கஸில்டா. "வா."

"டோன்யா, அவங்க கூரையை விட்டு இறங்குறாங்க."

"அப்ப சீக்கிரம் வா."

சத்தூரியோவின் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஆட்டுக் கொட்டில் வாடை, கும்மிருட்டு. மெல்சோர் தீக்குச்சி கிழித்தான். மூன்றாவதுதான் பற்றியது. தீவனத் தொட்டி, உடைந்த நாற்காலி, குளிர்ந்த அடுப்பு. ஆள் இல்லை.

"இந்த ஊர் ஆளை ஒளிக்கிறதுல நேத்துப் பிறந்ததில்ல" என்று கஸில்டா சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். "நானூறு வருஷத்துக்கு முன்னாடி ராஜா இங்க இருந்த மூர்களை, அதான் முஸ்லிம்களையெல்லாம் விரட்டினப்போ, புதுசா குடியேறுறவங்களுக்கு வாய்க்கால் வழி காட்ட அவங்கள்ல ரெண்டே குடும்பம் இருக்கலாம்னு உத்தரவு. எண்ண வந்த அதிகாரிக்கு எப்ப வந்தாலும் ரெண்டு குடும்பம்தான் கண்ல பட்டுச்சாம். குழந்தைங்க மட்டும் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போச்சாம். அப்புறம் நம்ம காலத்து உள்நாட்டுச் சண்டை. தோத்த பக்கத்து ஆளுங்க எத்தனை பேரு சுவருக்குள்ளயே தாடி நரைச்சாங்க, தெரியுமா?"

"தெரிஞ்சுக்க ஆசையில்ல. சுவருக்குள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நான் இனிமே எந்தச் சுவர்லயும் சாய மாட்டேன்."

தீவனத் தொட்டிக்குப் பின்னால் தட்டியபோது சத்தம் மாறியது. கல் இல்லை, பலகை. கஸில்டா மெதுவாக, "எர்மினியா, பயப்படாதீங்க. உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்" என்றாள்.

உள்ளே எதுவும் அசையவில்லை. மெல்சோர் தோளைக் கொடுத்து ஒரே தள்ளு தள்ளினான். பலகை பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு கத்தி அவன் மூக்குக்கு நேரே நீண்டது.

ரொட்டி அறுக்கிற கத்திதான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது வாள். பிடித்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கத்தி நடுங்கவில்லை. கண்கள் நடுங்கின. இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்தது.

"உங்களை அவருதானே அனுப்பினாரு?"

கஸில்டா எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை பிளந்த பலகையில் இருந்தது. பலகையின் உள்பக்கம் புதிதாக அடித்த இரும்புத் தாழ்ப்பாள், மெல்சோர் தள்ளியதில் பிய்ந்து தொங்கியது. உள்ளே கம்பளி, தண்ணீர்ச் செம்பு, இன்னும் ஆவி பறக்கிற ஒரு கிண்ணம் கஞ்சி.

"மெல்சோர்," அவள் குரல் மாறியிருந்தது. "கைதிக்கு யாராவது தாழ்ப்பாளை உள்பக்கம் வச்சுக் கொடுப்பாங்களா?"

மெல்சோர் தொங்கிய தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான்.

"இவங்களை யாரும் அடைச்சு வைக்கல. இவங்களே ஒளிஞ்சிருக்காங்க. ஊரே சேர்ந்து ஒளிச்சு வச்சிருக்கு." அவள் அந்தக் கோணல் கையைப் பார்த்தாள். "அவன் பண்ணதா?"

"நான் மாடிப்படியில விழுந்துட்டதா டாக்டர்கிட்ட சொன்னாரு. ரெண்டு தடவை விழுந்தேன். மூணாவது தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதான் ஓடி வந்தேன்." எர்மினியா கத்தியைத் தாழ்த்தினாள். "பிரான்சுல எங்க மாமா இருக்காரு. பனி விலகிக் கணவாய் திறந்ததும் ஊர்க்காரங்க கொண்டு போய் விடுறேன்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் அவரு கண்ல படாம இருந்தாப் போதும். சட்டம் அவரு பக்கம். புருஷன் கூப்பிட்டா போகணும்." சட்டென்று நிறுத்தினாள். "நீங்க அவருக்கு இன்னும் எதுவும் சொல்லலையே?"

கஸில்டா வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தாள். இத்தனை வருடத் தொழிலில் அவள் தலை குனிந்து மெல்சோர் பார்த்தது அப்போதுதான்.

"மத்தியானமே சொல்லிட்டேன், அம்மா. வந்துக்கிட்டிருக்கான்."

எர்மினியா கத்தவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று மூச்சுக்குள்ளேயே சொன்னாள். கத்தியிருந்தால்கூட மெல்சோருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கீழே, மலைப்பாதையின் கடைசி வளைவில், ஒரு கார் ஹார்ன் அடித்தது.

"காட்டுக்குள்ள ஓடிடலாமா?" என்றான் மெல்சோர்.

"பனியில கால் தடம் கூடவே வரும். ஒரே பாதை, அதுல அவன் வர்றான்." கஸில்டா யோசித்தாள். "சிரியாகோவுக்கு நீங்க இங்க இருக்கிறது தெரியுமா?"

"யாரும் அவர்கிட்ட சொல்லல. தம்பி மேல உசுரு அவருக்கு. ஆனா தெரியாம இருக்குமா? இந்தத் தெருவுலதானே இருக்காரு."

"அமாடோர் இந்த ஊர்ல பிறந்தவன். நான் விடிஞ்சதுலேர்ந்து தலையைப் பிச்சுக்கிட்டுப் படிச்சதை அவன் காரை விட்டு இறங்கின உடனே படிச்சுடுவான். மெல்சோர், கூரையேறு. புதுசா விழுந்த பனி மொத்தத்தையும் இந்த வாசல்ல தள்ளு. இது செத்தவன் வீடா மாறணும்."

"கூரையா? பின்னால பள்ளம் இருக்கே."

"பின்னால பார்க்காதே."

எர்மினியா அவன் சட்டையைப் பிடித்தாள். "கதவை அடைச்சுட்டா நான் எப்படி வெளிய வருவேன்?"

"நானே தோண்டி எடுக்கிறேங்க. சத்தியமா" என்றான் மெல்சோர். கேலி கலக்காமல் அவன் கொடுத்த முதல் வாக்கு அதுதான்.

பக்கச் சுவரில் சாய்த்திருந்த பலகையோடு கூரைக்கு ஏறினான். காற்று கன்னத்தை அறுத்தது. களிமண் வழுக்கியது. பனியை வழித்து வழித்து முன்பக்கம் தள்ளினான். கீழே கதவு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கடைசியாக வெளியே வந்த கஸில்டாவின் கால் தடமும் அதோடு போனது.

அப்போதுதான் தெருவில் அவர்களைப் பார்த்தான். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், கையில் பலகையும் மண்வெட்டியுமாக, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. முன்னால் சிரியாகோ. அவர்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று மெல்சோருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. வெளியூர்க்காரன் ஒருத்தன், உயிரோடு இருக்கிற பெண்ணைப் பனியில் வைத்துப் புதைக்கிறான்.

"டோன்யா," என்றான். "பள்ளத்துல குதிக்கலாமா, இவங்ககிட்ட மாட்டலாமா? எது மலிவு?"

கஸில்டா தெரு நடுவில் போய் நின்றாள்.

"கேளுங்க! அமாடோர் வர்றான். கூட போலீஸும் வரும். நான்தான் கூப்பிட்டேன். தெரியாம கூப்பிட்டுட்டேன். இந்த வாசல் சுத்தமா இருந்ததுதான் எனக்குக் காட்டிக் கொடுத்துச்சு. அவனுக்கும் காட்டிக் கொடுக்கும். அதான் மூடுறோம்."

யாரும் அசையவில்லை. சிரியாகோ மட்டும் கஸில்டாவை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தான். அவன் மூச்சு வெள்ளையாக அவள் மேல் பட்டது.

"ஒரு வாசலை மட்டும் இப்ப மூடினா, புதுப் பனின்னு அவனுக்குத் தெரியும்" என்றான். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டுத் திரும்பித் தன் சத்திரத்தை நோக்கி நடந்தான். தம்பியை எதிர்கொண்டு அழைக்கப் போகிறானா? மெல்சோர் பலகையை நிறுத்திவிட்டு அவன் முதுகையே பார்த்தான்.

கூட்டத்தில் இருந்த கடைக்காரி தன் கூரையில் ஏறினாள். பலகையை ஊன்றி, பனியைத் தன் சொந்த வாசலில் தள்ளினாள். கழுதைக்காரன் தன் வாசலில் தள்ளினான். பிறகு தெரு முழுக்க, தொப் தொப்பென்று அந்தச் சத்தம்தான்.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது, கடைசித் தெருவில் சிரியாகோவின் சத்திரத்தைத் தவிர ஒரு கதவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

டோன் அமாடோர் உயர்ந்த ரகக் கோட்டும் பளபளக்கிற பூட்ஸுமாக வந்தார். பின்னால் கறுப்புத் தொப்பி வைத்த இரண்டு காவலர்கள். தெருவுக்குள் நாலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் ஒவ்வொரு வாசலாகப் போய் வந்தன. கூரைகளில் ஊர் நின்றது. புகைபோக்கிகளில் புகை வந்துகொண்டிருந்தது.

"என்ன இது?" என்றார்.

பிறகு கஸில்டாவின் பக்கம் திரும்பினார்.

"டோன்யா கஸில்டா, எந்த வீடு?"

"மன்னிக்கணும், டோன் அமாடோர்." கஸில்டா குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்க போன ஞாயித்துக்கிழமையே பஸ்ல போயிட்டாங்களாம். கறுப்புத் துண்டு போட்டிருந்தாங்களாம்."

அமாடோர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எர்மினியாவின் கை எப்படி ஒடிந்தது என்பது மெல்சோருக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது.

"நீங்க தப்பே பண்ணதில்லைன்னுதானே உங்களைப் பிடிச்சேன்?" காவலர்களைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாக் கதவையும் தோண்டுங்க."

பெரிய மீசைக்காரக் காவலர் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒரு கதவைக் காட்டுங்க, தோண்டுறோம். ஊரையே தோண்டச் சொன்னா ஆகாது. இந்தப் பனியில இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நாம கீழே இறங்க முடியாது."

"ஒரு கதவுதானே வேணும்? காட்டுறேன்."

அமாடோர் திரும்பி, தெருவில் திறந்திருந்த ஒரே வாசலுக்கு நடந்தார். அவர் பிறந்த வீடு அது. அவரும் அண்ணனும் ஒரே கட்டிலில் தூங்கிய வீடு. கூரையில் சிரியாகோ பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவன் கூரையில் பனி அப்படியே இருந்தது.

மெல்சோர் காலடியில், சத்தூரியோவின் வீட்டுக்குள், ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனும் மூச்சை அடக்கினான்.

"அண்ணே," என்றார் அமாடோர் மேலே பார்த்து. குரல் ஒரேயடியாகக் குழைந்திருந்தது. "உனக்குப் பொய் சொல்ல வராது. அம்மா போன பிறகு எனக்கு நீதானே எல்லாம்? அவளுக்கு நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்லு."

சிரியாகோவின் உதடு அசைந்தது. பார்வை தெருக்கோடிக்குப் போகத் தொடங்கியது. மெல்சோருக்கு அந்த ஒரு நொடியில் உயிர் போய் வந்தது. பாதி வழியில் அந்தப் பார்வை நின்றது. கீழே நின்ற தம்பியிடமே திரும்பி வந்தது.

"அமாடோர், கொஞ்சம் தள்ளி நில்லு."

"எதுக்கு?"

சிரியாகோ பலகையை ஊன்றித் தள்ளினான். கூரை விளிம்புப் பனி மொத்தமாகச் சரிந்து, இரண்டு பேரும் பிறந்த வீட்டு வாசற்படியில், அமாடோரின் பளபளக்கிற பூட்ஸுக்கு முன்னால் விழுந்தது. அவர் ஒரு எட்டு பின்வாங்கினார். அந்த ஊரில் பிறந்தவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிறிப்போன முகத்தோடு, "அண்ணே, உள்ள யாருமே இல்லையா?" என்றார்.

"உனக்கு யாரும் இல்லப்பா" என்றான் சிரியாகோ. கண்ணீர் தாடியில் உறைந்துகொண்டிருக்க, அடுத்த பலகைப் பனியையும் தள்ளினான்.